நம் செட்டில் எல்லோரும் நலமா?

தமிழகக் கல்லூரிகளில் வெள்ளி விழாச் சந்திப்புகள் பெருகிவிட்டன. 25 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாகப் படித்தவர்கள் மண்டபம் பிடிக்கிறார்கள், ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், மலர் வெளியிடுகிறார்கள். ஆட்சியரானவர், அயல்நாட்டு நிறுவனத்தில் உயர்பதவிக்கு வந்தவர், சொந்தமாக ஆலை தொடங்கியவர் என்று மலரின் முன்பக்கங்கள் நிரம்புகின்றன. அந்த மகிழ்ச்சி நியாயமானது. குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள் எட்டிய உயரத்தைச் சொல்லிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், நூறு பேர் படித்த வகுப்பில் பத்துப் பேரின் செய்தி வகுப்பின் செய்தி ஆகிவிடாது. மற்றவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

கேட்டால் என்ன நடக்கும்? அமெரிக்காவின் ஸ்மித் மகளிர் கல்லூரியில் 1942இல் பட்டம் பெற்றவர் பெட்டி ஃபிரீடன். 15ஆம் ஆண்டுச் சந்திப்பு 1957இல் வந்தபோது, தன்னுடன் படித்தவர்களுக்கு அவர் ஒரு நீண்ட கேள்வித்தாளை அனுப்பினார். என்ன பதவி, எத்தனை குழந்தைகள் என்பதோடு அது நிற்கவில்லை. உள்ளுக்குள் எப்படி மாறியிருக்கிறீர்கள், எதை வேறுவிதமாகச் செய்திருக்கலாம் என்று நினைக்கிறீர்கள் என்றும் கேட்டது. சுமார் 200 பேர் பதில் எழுதினார்கள். மேற்படிப்பு பெண்களைக் குடும்ப வாழ்க்கைக்கு ஆகாதவர்களாக்கிவிடுகிறது என்று அன்றைக்கு ஓங்கி ஒலித்த பேச்சை மறுப்பதுதான் ஃபிரீடனின் நோக்கம்.

வந்த பதில்கள் அவரை வேறொரு திசைக்கு இழுத்துச்சென்றன. நல்ல வீடு, அன்பான கணவர், ஆரோக்கியமான குழந்தைகள் எல்லாம் இருந்தும் ஏதோ ஒன்று இல்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவரும் அதைத் தன் ஒருத்தியின் குறையென்றே நினைத்திருந்தார். படித்த படிப்பை வீட்டுக்கு வெளியிலும் ஏதாவது ஒரு வகையில் பயன்படுத்திவந்தவர்களிடம் இந்த வெறுமை குறைவாக இருந்தது. குற்றம் படிப்பில் இல்லை, படித்த பெண்ணுக்குச் சமூகம் ஒதுக்கிய இடத்தில்தான் என்ற முடிவுக்கு ஃபிரீடன் வந்தார். பெண்கள் பத்திரிகைகள் அதை அவர் எழுதியபடி வெளியிட மறுத்தன. ஒரு பத்திரிகை கட்டுரையின் பொருளையே தலைகீழாக மாற்றியதால் அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். கடைசியில் 1963இல் ‘தி ஃபெமினைன் மிஸ்டிக்’ என்ற புத்தகமாக அது வெளிவந்தது. அமெரிக்கப் பெண்ணியத்தின் இரண்டாம் அலையைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் அந்தப் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறார்கள். கறுப்பினப் பெண்களையும் உழைக்கும் வர்க்கப் பெண்களையும் அது கணக்கில் கொள்ளவில்லை என்று பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் பின்னர் முன்வைத்த விமர்சனம் சரியானதே. கல்லூரிக்கே வர முடியாதவர்கள் கல்லூரிக் கேள்வித்தாளில் எப்படி இருப்பார்கள்? எனினும், ஒரு வகுப்பின் நலம் விசாரிப்பு ஒரு நாட்டின் விவாதமாக மாறியது சிறிய விஷயமல்ல.

சாதனைச் செய்தியை மட்டும் நம்பினால் ஏமாறவும் நேரும். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1979இல் பட்டம் பெற்றவர்களில் மேலாண்மை அறிஞர் கிளேட்டன் கிறிஸ்டென்சனும் என்ரான் நிறுவனத்தின் ஜெஃப்ரி ஸ்கில்லிங்கும் உண்டு. அந்த வகுப்பின் 20ஆம் ஆண்டான 1999இல் சாதனையாளர் பட்டியல் போட்டிருந்தால், என்ரானில் இரண்டாம் இடத்தில் இருந்த ஸ்கில்லிங் அதன் முன்வரிசையில் இருந்திருப்பார். 2001இல் நிறுவனம் திவாலானது; 2006இல் மோசடி வழக்கில் அவருக்குச் சிறைத் தண்டனை. ஆண்டுகள் செல்லச் செல்லத் தன் வகுப்புத் தோழர்களில் பலர் மகிழ்ச்சியற்றவர்களாகவே சந்திப்புகளுக்கு வந்தார்கள் என்று கிறிஸ்டென்சன் கவலையோடு எழுதினார்.

அதே ஹார்வர்டில் 1938இல் தொடங்கிய ஆய்வு, 268 மாணவர்களை முதுமைவரை பின்தொடர்ந்தது. ஜான் கென்னடியும் அவர்களில் ஒருவர். முதுமையில் யார் நலமாக இருந்தார்கள் என்பதற்குப் பதவியையும் பணத்தையும்விட நெருங்கிய உறவுகளே நல்ல அடையாளமாக இருந்தன.

நம்மிடம் இப்படிக் கேட்பதற்கான தேவை அதிகம். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4%; தமிழகத்தில் 47%. பெண்களின் விகிதம் ஆண்களுக்குச் சற்றும் குறைவில்லை. 1980களின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்த பிறகு, நகை விற்றும் நிலம் விற்றும் மகள்களைப் படிக்கவைத்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தப் படிப்பு அவர்களுக்கு என்ன தந்தது? எந்த இடத்தில் நின்றது? யாருக்காக நின்றது?

கல்லூரிகளோ வேறு கணக்குக்குப் பழகிவிட்டன. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்காக, பட்டம் பெற்றவுடன் கிடைத்த வேலை, சம்பளத்தின் இடைநிலை அளவு, மேற்படிப்புக்குச் சென்றவர்கள் எண்ணிக்கை ஆகியவற்றைத் திரட்டுகிறார்கள். 22 வயதில் வேலைக்குச் சேர்ந்த பெண் அந்தக் கணக்கில் வெற்றி. முதல் பிரசவத்தோடு வேலையை விட்டு, 45 வயதில் மீண்டும் வேலை தேடும் அதே பெண் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆண்களுக்கும் வேறு மௌனங்கள் உண்டு: கடனில் முடங்கிய தொழில், குடி, பிள்ளைகளோடு பேச்சற்றுப்போன வீடு. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பல ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்த ஒருவரைப் பற்றி முதன்முதலில் வரும் செய்தியே அவருடைய மரணச் செய்தியாக இருப்பது கொடுமை.

ஆகவே, வெள்ளி விழா நடத்தும் ஒவ்வொரு செட்டும் மலரோடு ஒரு கேள்வித்தாளையும் தயாரிக்க வேண்டும். பதிலில் பெயர் வேண்டாம். மேடையில் சொல்ல முடியாததை அப்போதுதான் எழுதுவார்கள். வந்த பதில்களைத் தொகுக்கும் பொறுப்பைக் கல்லூரியின் சமூகப்பணித் துறையோ புள்ளியியல் துறையோ ஏற்கலாம். தொகுப்பை இப்போது படிக்கும் மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அடுத்த 25 ஆண்டுகளில் எதற்கெல்லாம் தயாராக வேண்டும் என்பதை வேலைவாய்ப்பு முகாம் அவர்களுக்குச் சொல்லப்போவதில்லை.

இதில் கடினமான வேலை, பெண்களைக் கண்டுபிடிப்பது. திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறி, ஊர் மாறி, தொலைபேசி எண் மாறி, பழைய வருகைப்பதிவேட்டுப் பெயரோடு தொடர்பறுந்து போனவர்கள் ஏராளம். சந்திப்புக்கு மண்டபம் தேடுவதற்கு முன்பே விழாக் குழு இவர்களைத் தேடத் தொடங்க வேண்டும். விடுதி அறைத்தோழி, தம்பி, பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரிடமாக விசாரித்துப் போனால் பெரும்பாலோரை எட்டிவிடலாம்.