எட்டு மணி நேரம் யாருக்கு?

சைகடெலிக் சிகிச்சை பற்றி இப்போது நம் மாணவர்களிடையேயும் பேச்சு அடிபடுகிறது. கொடைக்கானல் காளானில் இருக்கும் சைலோசைபின், எம்.டி.எம்.ஏ. போன்றவற்றை மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்து, கூடவே உளவியல் சிகிச்சையும் அளித்தால் ஆறாத மனக்காயமும் மனச்சோர்வும் தணியும் என்கிறார்கள். ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் குறிப்பிட்ட நோயாளிகளுக்கு இவ்விரண்டையும் அனுமதித்திருக்கிறது. அமெரிக்கா 2024 ஆகஸ்டில் எம்.டி.எம்.ஏ.வுக்கு ஒப்புதல் மறுத்துவிட்டது. இங்கே 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி இரண்டையும் வைத்திருந்தாலே வழக்குதான்.

மருந்தோடு எனக்குச் சண்டை இல்லை. வேதனை குறையுமென்றால் நம் மக்களுக்கும் அது வரட்டும். மனசுக்குள்ளே ஒரு பயணம் போய்வந்தால் காயம் ஆறிவிடும் என்கிற பேச்சோடுதான் சண்டை.

2002 மே மாதம், இதே திருச்சி மாவட்டத்துத் திண்ணியத்தில் தலித்துகள் இருவருக்குச் சூடு போட்டு, வாயில் மலத்தைத் திணிக்க வைத்தார்கள். 2022 டிசம்பரில் பக்கத்து மாவட்டத்து வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டிக்குள் மலம். மருத்துவப் புத்தகம் இதை அதிர்ச்சிக்குப் 'பிந்தைய' கோளாறு என்கிறது. எங்கே பிந்தியது? ஆடிப்பெருக்குக்கு மறுநாள் விடியலில், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் ஊரார் விட்டுப்போனதை அள்ளும் அக்காவிடம் போய்க் கேளுங்கள், அவருக்கு எது முடிந்துபோன சம்பவம் என்று.

இந்தச் சிகிச்சையை யார்மீது சோதித்தார்கள் என்பதையும் பாருங்கள். 1993 முதல் 2017 வரையிலான 18 ஆய்வுகளில் பங்கேற்ற 282 பேரில் 82 விழுக்காட்டினர் வெள்ளையர். சாதி அவமானத்தைச் சுமந்த ஒருவர், மனத்தடை எல்லாம் தளர்ந்த நிலையில், "இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா" என்று நம்பும் சிகிச்சையாளர் முன் படுத்திருந்தால் என்ன ஆகும்? கனடாவில் ஒரு எம்.டி.எம்.ஏ. சோதனையில் சிகிச்சையாளர்களே பங்கேற்பாளரிடம் எல்லை மீறியது உலகறிந்த செய்தி.

அந்தச் சோதனை முறையைப் படித்தபோது மருந்தைவிட நேரம்தான் என் கண்ணில் பட்டது. ஒரு நோயாளிக்கு மூன்று மருந்து அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் எட்டு மணி நேரம், இரண்டு சிகிச்சையாளர்கள் பக்கத்திலேயே. அது போக, முன்னும் பின்னும் பேச்சு அமர்வுகள் பன்னிரண்டு. நம் சனத்தின் கதையை எட்டு மணி நேரம் எவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்?

மாவட்ட மனநலத் திட்டம் 1996-97இல் தொடங்கியபோது நாட்டின் முதல் நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. இருபது ஆண்டு கழித்து வந்த தேசிய மனநலக் கணக்கெடுப்போ, நோயின் வகைக்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றது.

தோழர்களே, கேட்க வேண்டியதை இங்கிருந்து கேட்போம். வன்கொடுமை வழக்கு பதிவாகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், சாதி என்றால் என்னவென்று தெரிந்த ஓர் ஆற்றுப்படுத்துநர் வேண்டும். மாதக்கணக்கில் வீட்டுக்கு வந்து பேச வேண்டும். சமூகப்பணி படித்துவிட்டு வேலை தேடும் நம் பிள்ளைகளை அந்தப் பணியில் நியமிக்க வேண்டும். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் சிகிச்சைக்குப் போனால் அன்றைய கூலி போய்விடுகிறது. அந்த நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். மனுவில் இதை முதலில் எழுதுங்கள்.