கேட்டுக் கற்ற சிந்தாமணி

டிராம்பே வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்களில், பழந்தமிழ் நூல் என்றவுடன் பெற்றோர் பலருக்குத் தயக்கம் உண்டாகின்றது. ‘நமக்கே பொருள் விளங்காத செய்யுளைப் பிள்ளைகளுக்கு எங்ஙனம் கற்பிப்பது?’ என்பதே அத்தயக்கம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நாமும் புலவர் அல்லோம். பிள்ளைகளுள் மிகப் பலர் பள்ளியில் பயில்வன ஆங்கிலமும் இந்தியும் மராத்தியுமே. ஆதலின் போட்டிக்கென்று பத்துக் குறளையும், உரைநூலில் அச்சிட்ட பொருளையும் ஒருசேர மனப்பாடம் செய்விக்கின்றோம். பரிசு கைக்கு வந்த மறு திங்களே இரண்டும் மறந்து போகின்றன.

பொருள் தெரிந்தவர்தாம் கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் சரியானதுதானா? டாக்டர் உ. வே. சாமிநாதையர் வரலாறு இதற்கு விடை கூறும்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்ட ஐயர், 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எனப் பல நூல்களைக் கற்றுத் தேர்ந்தவர். அவ்வாண்டு அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், ‘சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா?’ என்று வினவினார். ஐயர் அதைப் படித்ததில்லை. முதலியார் தம்மிடமிருந்த பிரதியைக் கொடுத்துப் பாடம் சொல்லச் சொன்னார்.

சிந்தாமணி சமண காவியம். சைவச் சூழலில் கற்ற ஐயருக்கு அதன் சமயச் செய்திகள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரை கையிலிருந்தும் ஐயங்கள் தீரவில்லை. அந்நிலையில் அவர் அவ்வூரிலேயே வாழ்ந்த சமணர் வீடுகளைத் தேடிச் சென்றார். அவர்கள் சிந்தாமணியைப் புனித நூலாகப் போற்றி ஓதி வந்தனர். கல்லூரி ஆசிரியருக்கு எட்டாதிருந்த பொருள், அவ்வீட்டாருக்கு அன்றாட வழக்காயிருந்தது. ஐயர் கேட்டார், அவர்கள் அன்புடன் சொன்னார்கள். 1887இல் சிந்தாமணி செம்மையான அச்சுநூலாக வெளிவந்ததற்கு அக்கேள்விகளும் ஒரு காரணம்.

உரை வேண்டா என்பது நம் கருத்தன்று. நச்சினார்க்கினியர் பெயர் சுட்டாது எடுத்துக்காட்டிய அடிகள் எந்நூலைச் சார்ந்தவை என்று தேடியதும் ஐயரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. 1889இல் பத்துப்பாட்டு பதிப்பாயிற்று. ஆயினும் உரையே முடிந்த முடிபு அன்று. முல்லைப்பாட்டின் சொற்களை இடம் மாற்றி இணைத்துப் பொருள் கொண்ட நச்சினார்க்கினியரை மறுத்து, பாட்டை அதன் போக்கிலேயே படித்தல் வேண்டும் என்று மறைமலையடிகள் 1903இல் ஆராய்ச்சியுரை எழுதினார். திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்பது மரபு. ஒருவர் உரையோடு எல்லாரும் அமைந்திருப்பின் பதின்மர் தோன்றியிருப்பரோ?

இனி நம் தெருவைப் பார்ப்போம். 1976இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியேற்றப்பட்ட சீத்தா கேம்ப்பில், இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவருமான தமிழர் அண்டை அயலாராக வாழ்கின்றனர். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் படிக்கும் பிள்ளை தீன், கலிமா என்னும் சொற்களை அகராதியில் தேடுவதினும், பக்கத்து வீட்டு ஐயாவிடம் கேட்டறிதல் நன்று. வீரமாமுனிவரின் தேம்பாவணிக்கும் கம்பராமாயணத்துக்கும் இஃது ஒக்கும். உழவையும் நீர்நிலையையும் பாடும் செய்யுளுக்கு ஊரில் வயலில் இறங்கி உழைத்த பாட்டியைவிடச் சிறந்த உரையாசிரியர் யாவர்? புலவர் இல்லாத குறையைப் பெரிதாக எண்ணும் நாம், அருகிலிருக்கும் இச்செல்வத்தைப் பயன்படுத்துவதில்லை.

ஆகவே ஞாயிறுதோறும் அரை மணி நேரம் போதும். ஒரு செய்யுளை எடுத்து, சந்தி பிரித்து, இருமுறை உரக்கப் படியுங்கள். ‘இதில் யார் பேசுகிறார்? என்ன நடக்கிறது?’ என்று பிள்ளையையே கேளுங்கள். தவறாகச் சொன்னாலும் உடனே மறுக்க வேண்டா. தெரியாத சொல்லைக் குறிப்பேட்டில் எழுதச் செய்து, அறிந்தவரிடம் அனுப்புங்கள். உரைநூலை இறுதியிலே திறந்து, ‘உரைகாரர் சொல்வது உனக்கு உடன்பாடா?’ என்று வினவுங்கள். உடன்பாடில்லை என்று காரணத்தோடு பிள்ளை சொல்லுமாயின் மகிழுங்கள். அன்றுதான் அப்பாட்டு அதற்குச் சொந்தமாகின்றது.

‘எனக்குத் தெரியாது, வா, கேட்டு வருவோம்’ என்று சொல்லத் தந்தையும் தாயும் நாண வேண்டுவதில்லை. கல்லூரியில் தமிழ் கற்பித்த சாமிநாதையரே அதற்கு நாணவில்லை. இவ்வாறு படித்துப் பார்க்கும் அன்பர்கள், பிள்ளைகள் கேட்ட கேள்விகளை நமக்கு எழுதி அனுப்புக. அடுத்த திங்கள் அவற்றைக் குறித்தே பேசுவோம்.