ஒரு நாளுக்கு ஓரூர் போதும்

தைத்திங்கள் பிறந்துவிட்டால் நம் கல்லூரியில் ஒரு பேச்சுத் தவறாது எழும். இவ்வாண்டு உலாவிற்கு எங்குச் செல்வது என்பதே அப்பேச்சு. ஒருவர் மலை என்பார். மற்றொருவர் அருவி என்பார். பிறிதொருவர் கடற்கரை என்பார். எவர் மனமும் நோதலாகாதெனக் கருதி, மூன்றையும் ஒரே நாளிற் காண்பதென்று இறுதியில் முடிவாகும். அதன்படியே நள்ளிரவிற் பேருந்தேறி, விடியலில் ஓரிடத்தில் இறங்கி, நிழற்படம் எடுத்து, மீண்டும் ஏறி, உண்டு, உறங்கி, அடுத்த நள்ளிரவில் விடுதி திரும்புவோம். என்ன கண்டீர் என எவரேனும் வினவினால், எமக்கு முன்னிருந்த இருக்கையின் முதுகைத்தான் நன்கு கண்டோம் என்றே விடையிறுத்தல் வேண்டும். இதனை உலா எனல் பொருந்துமோ? ஒரு நாளுக்கு ஓரூர் போதும் என்பதும், அந்நாளை நம் விருப்பத்திற்கன்றி அவ்வூரின் பொழுதிற்கேற்ப வகுத்தல் வேண்டும் என்பதும் நம் கருத்தாம்.

இதனை விளக்கப் பழவேற்காட்டை எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில், ஓர் உவர்நீர் ஏரியின் தென்கரையில் அமைந்த சிற்றூர் அது. நம் நாட்டு உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்த பெருமையுடையது இவ்வேரி. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது; கிழக்கே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு இதனை வங்கக் கடலினின்று பிரிக்கின்றது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புக, இரண்டும் கலந்த நீரில் இறாலும் நண்டும் மீனும் பெருகுகின்றன. மழை மிகின் உவர்ப்புக் குறையும். வெயில் மிகின் உவர்ப்பு ஏறும். முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடின் மீன்வளம் குன்றும். சுவரில் மாட்டிய ஓவியம்போல் என்றும் ஒரு நிலையில் நிற்பதன்று இவ்வேரி. காலையிற் கண்டது நண்பகலில் இராது. நண்பகலிற் கண்டது மாலையில் இராது. இத்தகைய நீர்நிலையை அரைமணிப் பொழுதிற் பார்த்து முடித்தோம் என்பார் கூற்று நகைப்பிற்குரியதன்றோ?

ஏரி இங்ஙனமாக, ஊரின் பழமையும் விரைந்து கற்கத்தக்கதன்று. போர்த்துக்கீசியர் காலத்தில், 1515-ஆம் ஆண்டளவில் தோன்றியதெனப் போற்றப்படும் மகிமை மாதா ஆலயம் இங்குளது. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் பழைய பள்ளிவாசல்களும் உள. ஒல்லாந்தர் 1613-இல் கட்டிய கெல்திரியாக் கோட்டை இடிந்து புதர் மண்டிக் கிடக்கின்றது. அவர்தம் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இருபுறமும் எலும்புக்கூட்டின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே புகுவார் எவரும் ஒரு நொடி நின்றே செல்வர். சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடம் 1690 வரை இவ்வூரே. இங்கிருந்து கப்பலேறிய துணியின் புகழால் மலாய் மக்கள் கட்டமிட்ட கைலியை இன்றும் இவ்வூர்ப் பெயராலேயே ‘பெலிக்கத்’ என வழங்குகின்றனர். ஆயின் துணி மட்டுமோ கப்பலேறியது? 17-ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான மக்கள் அடிமைகளாக இத்துறையினின்று பத்தாவியாவிற்கு ஏற்றப்பட்டனர். அழகிய சிற்றூர் என்று கூறி மகிழும் நாம், அவ்வழகிய கரையில் அழுது நின்றாரையும் அறிந்துகொள்ளுதல் கடனாகும். புறப்படுமுன் ஒருநாள் மாலை நூலகத்தில் அமர்ந்து இவற்றைப் படித்துச் செல்வோமாயின், அங்கே கல்லும் நமக்குக் கதை சொல்லும்; படியாது செல்வோமாயின் கல் கல்லாகவே கிடக்கும்.

இனி, நாளை வகுக்கும் முறையைக் கூறுவோம். சென்னை சென்ட்ரலினின்று கும்மிடிப்பூண்டி செல்லும் மின்தொடர்வண்டியில் விடியலில் ஏறினால் பொன்னேரியில் இறங்கலாம். அங்கிருந்து பழவேற்காட்டிற்குப் பேருந்து உண்டு. காலைப்பொழுதே அவ்வூரின் உயிர்ப்பொழுது. படகுகள் கரைசேர்வதும், மீன் விலைபோவதும், கூடைகள் நிறைவதும் அப்போதே. பத்து மணிக்குச் சென்று, இங்கு ஒன்றும் இல்லையே என்பார் ஊரின்மேற் பழி சுமத்துதல் முறையன்று. வெயில் ஏறியபின் கோட்டைப்புறமும் கல்லறைத் தோட்டமும் காணலாம். உணவை மூட்டைகட்டிச் செல்லாது அவ்வூர்ச் சிறு உணவுச்சாலையில் உண்டால், அன்றைய மீனின் சுவையும் நமக்காகும். நம் காசும் அவ்வூர்க்காகும். பனையோலையிற் கூடை முடையும் பெண்டிரிடம் ஒன்று வாங்கலாம். வெயில் தணிந்தபின் ஏரிக்கரையில் அமர்ந்திருத்தல் வேண்டும். பனிக்காலத்தில் வந்து கூடும் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, சேற்றுநீரை அலகால் வடித்து இரைகொள்ளும் காட்சி, பொறுமையுடையார்க்கே புலப்படும். நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்டிரைக் கேளாமல் நிழற்படம் எடுத்தலும், உண்ட மிச்சத்தைக் கரையிலெறிந்து வருதலும் கற்றார்க்கு அழகல்ல.

படகைப் பற்றி ஒரு சொல். ஏரிக்குச் சென்று படகேறாது வருவதோ என நம் தோழர் சிலர் கேட்பர். 2011-ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று, இவ்வேரியில் மீன்பிடி படகொன்று கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். திருநாளைக் கொண்டாட வந்த குடும்பத்தார் அவர்கள். அளவிற்கு மிஞ்சி ஏறியதும், மிதவையுடை அணியாததும் உயிருக்கு உலை வைத்தன. அதன்பின் மாவட்ட ஆட்சியினர் உல்லாசப் படகுகளுக்குத் தடை விதித்தனர். வலைவீசுதற்கென அமைந்த படகில், இசைவின்றி, காசு கொடுத்தும் கெஞ்சியும் ஏறுவது, நம் உயிரோடு அப்படகுக்காரரின் பிழைப்பையும் பணயம் வைப்பதாகும். ஆதலின் இசைவும் மிதவையுடையும் இல்லாவிடத்துப் படகும் இல்லை என்பதை, கரையில் நின்று வாதாடாது, கல்லூரியிலேயே முடிவுசெய்து செல்க.

மற்றொன்றும் உண்டு, எல்லாவற்றினும் தலையாயதாக அதனையே கருதுகின்றோம். ஒரே நாளில் மூன்று ஊர் காணும் உலாவிற்குத் தனிப்பேருந்து வேண்டும். அதற்குப் பெரும்பணம் வேண்டும். பணம் பிரிக்கும் நாளில் நம்முள் சிலர், ஊரில் வேலையுள்ளது என்பர். சிலர், உடல்நலமில்லை என்பர். உண்மைக் காரணத்தை நாமும் அறிவோம், அறியாதார்போல் இருந்துவிடுகின்றோம். தொடர்வண்டியும் பொதுப்பேருந்தும் போதுமானவோர் ஊரைத் தேர்ந்தால் இந்நிலை பெரிதும் நீங்கும். பழவேற்காட்டு மீனவரிடையே ‘பாடு’ என்றோர் ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகின்றது. மீன் மிகுதியாகப்படும் இடத்தை வலியார் சிலரே கைக்கொள்ளாவண்ணம், முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. திட்டமிடுதல் என்பதன் பொருளை அவர்கள் நம்மினும் நன்கறிவர். யாருக்கும் பங்கு தப்பாமற் பார்ப்பதே அவர்க்குத் திட்டம். பேருந்தின் நேரத்தைக் குறிப்பதே நமக்குத் திட்டம்!

தேர்விற்கு முன் ஒருநாள் களித்துவரச் செல்வார்க்கு இத்துணைக் கட்டுப்பாடும் படிப்பும் எதற்கு என்பாரும் உளர். அவர்க்கு நாம் கூறுவது, களிப்பைக் கெடுப்பது கட்டுப்பாடன்று, விரைவே என்பதாம். அடுத்த ஊருக்குச் செல்லவேண்டும் எனும் கவலை இல்லாதவனே ஏரிக்கரையில் காலை நீட்டி அமர்ந்து நண்பனோடு பேசவியலும். பாடவேண்டுவார் பாடலாம், உறங்கவேண்டுவார் புன்னை நிழலோ பூவரச நிழலோ நாடி உறங்கலாம். இவ்வோய்வு மூன்றூர் உலாவில் எவர்க்குக் கிட்டிற்று?

ஆதலின், அடுத்த தைத்திங்களில் உலாக்குழுவினர் கூடும்போது, எத்தனை ஊர் காணலாம் என்னும் கேள்வியை முதலில் எழுப்பாதிருப்பாராக. நம் வகுப்பில் எத்தனை பேர் வரவியலும் என்பதே முதற்கேள்வியாகுக. எல்லாரும் வரவியலும் ஊர் எதுவோ, அதுவே நாம் காணத்தக்க ஊர்.