என் மெமோவை எனக்கு முன்னால் ஊரே கேட்டது

எனக்கு வந்த மெமோவில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும் முன்பே என் அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டது. பார்வையில்லாதவன் நான். வந்ததோ ஸ்கேன் செய்த பிடிஎஃப். கணினியில் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளை ஓடவிட்டால் பக்கம் காலி என்கிறது. கடைசியில் அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டேன். "சத்தமாப் படிக்கவா சார்?" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் படிக்க ஆரம்பித்துவிட்டார். 'தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது' என்ற வரியில் பக்கத்து மேசைகளின் தட்டச்சுச் சத்தம் நின்றது.

அந்த மெமோவைக் கையால் எழுதினார்களா? இல்லை. வேர்டில் அழகாகத் தட்டச்சு செய்தார்கள். அப்படியே அனுப்பியிருந்தால் காதில் ஹெட்போன் மாட்டி நானே கேட்டிருப்பேன். அதை அச்செடுத்து, பச்சை மையில் கையெழுத்து வாங்கி, சீல் குத்தி, கோணலாக ஸ்கேன் செய்து படமாக்கி அனுப்பினார்கள். இருந்த எழுத்தை அழித்துவிட்டுத்தான் எனக்குக் கொடுப்பீர்களா?

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் இருக்கிறதே என்பீர்கள். சீல் விழுந்த இடத்தில் கடைசித் தேதியை அது தப்பாகச் சொன்னால், தாமதத்துக்கு யார் பதில் சொல்வது? நான்தானே!

தப்பித் தவறி வேர்ட் கோப்பே வந்தாலும் நிம்மதி உண்டா? தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல். இன்னமும் பழைய எழுத்துருக்களை விட மனமில்லை. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல், எழுத்தெழுத்தாக நகர்ந்தால் என் காதில் 'ஜே, கே, பி, ஓ, செமி' என்று விழுகிறது. யூனிகோடிலேயே வந்தால் வேறு கூத்து. தலைப்பென்று எண்ணி எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்கியிருப்பார்கள். அது உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தலைப்பு. ஸ்டைல்ஸில் 'ஹெடிங் 1' கொடுத்திருந்தால், எச் விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவியிருப்பேன். கொடுக்காததால் நாற்பது பக்க விதிமுறையை முதல் வரியிலிருந்து கேட்டாக வேண்டும். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி உருவாக்கும் அட்டவணையைப் பற்றி என்ன சொல்ல! பெயர் ஒருவருடையது, தொகை இன்னொருவருடையது. ரிவ்யூ மெனுவில் 'செக் அக்ஸஸிபிலிட்டி' என்று ஒரு வசதி சும்மாவே கிடக்கிறது. ஒரு நாளாவது யாராவது அதை அழுத்தியிருப்பார்களா?

சட்டம் இல்லாமலா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். அச்சு, மின்னணு ஊடகங்களில் உள்ளவை எங்களுக்கு அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அதன் 42ஆம் பிரிவு. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமே 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது. மேலிடத்தில் இதை எடுத்துச் சொன்னால், "உங்களுக்குன்னு தனியா ஒண்ணு தயார் பண்ண முடியுமா சார்?" என்கிறார்கள். யார் கேட்டது தனியாக? என்விடிஏவை எழுதத் தொடங்கியவரே பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர். 2006 முதல் உலகத்துக்கே அது இலவசம். எங்கள் பக்கத்து வேலையை நாங்கள் முடித்துவிட்டோம்.

கையெழுத்திட்ட நகலைத் தாராளமாக ஸ்கேன் செய்து கோப்பில் வையுங்கள் ஐயா. எனக்கு அனுப்பும்போது, முதலில் தட்டச்சு செய்தீர்களே, அந்த வேர்ட் கோப்பையும் கூடவே இணைத்து அனுப்புங்கள்.