நிறம் மாறும் வரை காத்திருப்பதா?

ஏரி பெரியது, நாம் கொட்டுவது சிறியது. இந்தக் கணக்கைச் சொல்லியே பழவேற்காட்டு நீருக்கு எல்லோரும் தீங்கிழைத்து வருகிறோம். இதற்கு ஃபிக்ஹிலிருந்தும் ஆதாரம் காட்டுவோர் உண்டு. இரண்டு குல்லத் அளவை எட்டிய நீர், நிறம், சுவை, வாடை ஆகியவற்றுள் ஒன்று மாறாத வரை நஜீஸ் ஆகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். சட்டம் சரியே. ஆனால் அது உளூவுக்குரிய நீரைப் பற்றியது. ஏரியில் கழிவைக் கலப்பதற்கான அனுமதி அன்று.

இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆறுகள் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே வங்கக் கடலின் உப்புநீர் வந்து கலக்கிறது. இறாலும் மடவையும் நண்டும் மீனவரின் வலையை அடையுமுன், கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் அவற்றுக்காக உழைக்கின்றன. நுண்பாசிகள் சூரிய ஒளியால் உணவை உருவாக்குகின்றன. பாக்டீரியாக்கள் மடிந்தவற்றைச் சிதைத்து மீண்டும் உரமாக்குகின்றன; வேறு சில, நச்சான அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அல்லாஹ் எதையும் வீணாகப் படைக்கவில்லை என்பதற்கு அந்த ஏரிச் சேறும் ஒரு சான்று.

மனிதன் ஏரியைக் கெடுக்கும்போது முதலில் மாறுவதும் இந்த நுண்ணுயிர்களே. சாக்கடையும் இறால் பண்ணைக் கழிவும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் சேர்த்தால் பாசி பெருகுகிறது. அது மடியும்போது, அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜன் அற்ற சேற்றில், கடல்நீரின் சல்ஃபேட்டைப் பயன்படுத்தி வாழும் வேறொரு கூட்டம் தலையெடுக்கிறது. அது வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் கருஞ்சேற்றின் அழுகிய முட்டை நாற்றம். முகத்துவாரம் மணலால் தூர்ந்து நீரோட்டம் குறையும் காலத்தில், கழிவு கடலுக்குச் செல்லாமல் ஏரியிலேயே தங்கிவிடுகிறது. ஆக, நிறமும் வாடையும் மாறும்போதுதான் கேடு தொடங்குகிறது என்று எண்ணுவது தவறு. அப்போது அது முற்றியிருக்கும்.

ஓடாது தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நீரின் நிறம் மாறட்டும் என்று காத்திருக்கவில்லை, செயலையே தடுத்தார்கள். மக்கள் நீரெடுக்கும் துறைகளில் மலம் கழிப்பதையும் சாபத்துக்குரியதென எச்சரித்தார்கள்.

பெரிய தொழில்களை விட்டுவிட்டு எளியவரிடம் பேசுவதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாதென 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏரியைக் காக்கும்படி அரசிடம் கோருவது நம் உரிமை. ஆனால் நம் தெருச் சாக்கடையும் ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பானிக் கழிவும் எங்கே போய்ச் சேருகின்றன என்பதற்குப் பதிலில்லாவிட்டால், அக்கோரிக்கையின் வலு குறைந்துவிடும்.

கெட்ட நீர் திருந்துமா? அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் 1950களில் கழிவுநீரால் நீலப்பச்சைப் பாசி மண்டியது. 1963 முதல் 1968 வரை கழிவுநீரைப் படிப்படியாக வேறுவழியில் திருப்பினார்கள். சில ஆண்டுகளில் நீர் தெளிந்தது. பழவேற்காடோ ஆழமற்ற ஏரி. சேற்றில் தங்கிய பாஸ்பரஸ் நெடுங்காலம் கசிந்துகொண்டிருக்கும். மீட்சியும் மெதுவாகவே வரும். தாமதிக்காமல் இன்றே தொடங்க வேண்டுமென்பதற்கு இதுவே காரணம்.

ஏரிக்கரை ஜமாஅத்துகள் மீனவர் பஞ்சாயத்துகளுடன் ஒன்றாக அமரட்டும். கழிவுநீர் ஏரியில் கலக்கும் இடங்களைக் கண்டறிந்து, மாற்றுவழி அமைக்கட்டும். நீரின் ஆக்சிஜன் அளவை மாதந்தோறும் சோதித்துத் தமிழில் அறிவிக்குமாறு அரசுக்குச் சேர்ந்து மனு அளிக்கட்டும். ஏரி வறண்ட வலையைத் தரும் நாளில் அடுப்பெரியாத வீடு முஸ்லிமுடையதாகவும் இருக்கும், இந்துவுடையதாகவும் இருக்கும். இந்த நீர் நம் அனைவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் பொறுப்புணர்வை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக.