நல்ல நூல் என்றால் மட்டும் போதுமா?

"இந்நூல் மிகவும் அருமையாக உள்ளது, அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டும்." படித்த நூலைப் பற்றிக் கருத்து எழுதச் சொன்னால் மாணவர் பலர் எழுதும் விடை இதுவே. எல்லா நூலுக்கும் பொருந்தும் இவ்விடை, எந்த நூலைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. தமிழகத்துக்கு வெளியே வளரும் பிள்ளைகளிடம் இப்பழக்கம் வேரூன்றக் காரணம் உண்டு. வீட்டிலுள்ள தமிழ் நூல்கள் பெரும்பாலும் விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது பெற்றோர் ஆசையோடு வாங்கி வந்தவை. அவற்றைக் குறை சொல்வது தமிழையே குறை சொல்வதுபோல் தோன்றுகிறது. நாற்பதாம் பக்கத்தில் சலிப்பு வந்தால், தன் தமிழறிவு போதவில்லை என்று எண்ணிப் பிள்ளை நூலை மூடிவிடுகிறது. சலிப்புக்குக் காரணம் நூலிலும் இருக்கலாம் என்று அதற்கு எவரும் சொல்வதில்லை.

நூலின் குறையை எடுத்துரைப்பது தமிழ் மரபுக்குப் புறம்பானதன்று. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூலுக்கு அழகுகள் பத்து என்றதோடு நில்லாமல், குற்றங்களும் பத்து என்று பெயரிட்டு வைத்தார். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது குன்றக் கூறல். அளவுக்கு மிஞ்சிச் சொல்வது மிகைபடக் கூறல். சொன்னதையே திரும்பச் சொல்வது கூறியது கூறல். படிப்பவரைக் குழப்புவது மயங்க வைத்தல். தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படும் இப்பட்டியல், வாசிப்பவர் கையில் இருக்க வேண்டிய அளவுகோலாகும்.

கல்கியின் பொன்னியின் செல்வனை இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். 2022, 2023ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்களைப் பார்த்துவிட்டு ஐந்து பாகங்களையும் படிக்கத் தொடங்கிய இளைஞர் பலர். 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த கதை இது. சென்ற வாரம் நடந்ததை வாசகருக்கு நினைவூட்ட வேண்டிய தேவை ஆசிரியருக்கு இருந்தது. நூலாகத் தொடர்ந்து படிக்கும்போது அந்நினைவூட்டல் கூறியது கூறலாகிவிடுகிறது. ஆயினும் ஆழ்வார்க்கடியான் வாயைத் திறந்தால் களைப்புப் பறந்துவிடும். இக்குறையையும் இந்நிறைவையும் சேர்த்து எழுதினால்தான் அது கருத்தாகும்.

உ. வே. சாமிநாதையரின் என் சரித்திரம் வேறு வகையானது. அதில் வரும் ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் காவிரிக்கரையைக் காணாத பிள்ளைக்கு நிச்சயம் பெருஞ்சுமை. அவற்றை வேகமாகக் கடந்து செல்வதில் தவறில்லை. ஆனால் 1880இல் கும்பகோணத்தில் நடந்த ஒரு சந்திப்பைக் கடந்து செல்லக் கூடாது. அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியரான சாமிநாதையரிடம் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியாரின் முகத்தில் வியப்பு எழவில்லை. இவற்றைப் படித்ததனால் என்ன பயன், பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டுவிடுகிறார். புலவரிடம் ஒரு வாசகர் வெளிப்படையாகச் சொன்ன கருத்து அது. ஐயருக்கு அது இனிக்கவில்லை. ஆயினும் முதலியாரிடமிருந்து சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைப் பெற்றுப் படிக்கத் தொடங்கினார். 1887இல் அந்நூல் அவருடைய பதிப்பாக அச்சேறியது. பின்னர் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் வந்தன. முதலியார் அன்று மரியாதைக்காக "மிகவும் அருமை" என்று தலையசைத்திருந்தால் இப்பணி எப்போது தொடங்கியிருக்குமோ!

வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு மிக நெருக்கமான நாவல் அசோகமித்திரனின் பதினெட்டாவது அட்சக்கோடு. ஆசிரியர் 1931இல் செகந்திராபாத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். கதை நாயகன் சந்திரசேகரனும் அந்நகரின் ரயில்வே குடியிருப்பில் வாழும் தமிழ் மாணவன். வீட்டுக்குள் தமிழ், தெருவில் உருதுவும் தெலுங்கும், கல்லூரியில் ஆங்கிலம், மாலையில் கிரிக்கெட் என்று அவன் வாழ்க்கை செல்கிறது. நிஜாம் ஆட்சியின் இறுதிக் காலம் அது. 1948 செப்டம்பரில் இந்திய இராணுவம் நுழைந்து, ஹைதராபாத் இந்தியாவுடன் இணைகிறது. இது தன் ஊரா, தான் எந்தப் பக்கம் என்ற கேள்வி அவனைச் சூழ்கிறது. டில்லியிலோ புனேயிலோ வாழும் மாணவருக்கு இக்கேள்வியை விளக்க வேண்டியதில்லை.

இந்நாவலிலும் குறை காணலாம். கதை சில இடங்களில் "அவன்" என்றும் சில இடங்களில் "நான்" என்றும் நடக்கிறது, முன்னறிவிப்பு ஏதுமில்லை. முதல் வாசிப்பில் இது மயங்க வைத்தல் என்றே தோன்றும். ஆனால் தன்னைத் தானே வெளியிலிருந்து பார்க்கும் இளைஞனின் கதைக்கு அம்மயக்கம் பொருந்துகிறது. எனவே இதைக் குற்றப் பட்டியலில் சேர்க்கும் முன் ஒருமுறை சிந்திப்பது நல்லது. முடிவைப் பற்றிய கருத்து வேறுபடலாம். கலவரத்தின் நடுவே ஒரு வீட்டுக்குள் தான் கண்டதைத் தாங்க முடியாமல் சந்திரசேகரன் ஓடுகிறான். நூல் அங்கேயே முடிந்துவிடுகிறது. அவனுக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்று ஆசிரியர் சொல்வதில்லை. இது குன்றக் கூறல் என்று ஒரு மாணவர் எழுதினால் அது மதிக்கத்தக்க கருத்தே. ஆயின் அதற்கு மேல் எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதையும் அவர் இரண்டு வரியில் எழுத வேண்டும்.