பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

நடுநிசியில் என் தம்பி எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு விசாரணை நடக்கும். "பிள்ளைக்கு இன்றைக்கு என்ன கொடுத்தாய்?" என்று ஆச்சி அம்மாவைக் கேட்பார்கள். மத்தியானம் ஒரு கரண்டி தயிர் ஊற்றியிருந்தால் போதும், தீர்ப்பு முடிந்துவிடும். விடிந்ததும் அத்தையும் சித்தியும் வந்து அதையே சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டு ஆண்டுகளாக அவன் தயிரையும் வாழைப்பழத்தையும் தொடவில்லை. இளைப்பு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அம்மா பதில் பேசமாட்டார்கள். அடுப்பங்கரையில் போய் அழுவார்கள்.

தோழியரே, உங்களில் பலருடைய வீட்டிலும் இந்த விசாரணை நடக்கிறது என்பதை அறிவேன். எங்கள் வகுப்பிலேயே இளைப்பு உள்ளவர்கள் நான்கு பேர். ஆகவேதான் எழுதுகிறேன். நாம் தவறான குற்றவாளியைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்பது என் கருத்து.

சென்ற ஆண்டு மருத்துவமனையில் தம்பியின் முன்கையில் பேனாவால் கோடுகள் இட்டு, பல மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஊசிமுனையால் லேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில் ஒரு சொட்டு இருந்த இடம் மட்டும் கொசுக்கடிபோலத் தடித்துச் சிவந்தது. அது பாலும் அல்ல, பழமும் அல்ல; தூசி உண்ணி! (சிலருக்குப் பால், முட்டை போன்ற உணவு ஒவ்வாமல் போவதும் உண்டு. அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே தவிர அத்தை அல்லர்.)

இந்த உண்ணி சிலந்திக்கு உறவு. எட்டுக் கால்கள், நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் பொடிதான் அதற்கு உணவு. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வாழ்கிறது. எங்கள் தூத்துக்குடிபோன்ற கடற்கரை ஊர் அதற்குச் சொர்க்கம். வீட்டுத் தூசியால் இளைப்பு வருவதற்கு இந்த உண்ணியே முக்கியக் காரணம் என்பதை 1964ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அது கடிப்பதில்லை. அதன் எச்சம் காற்றோடு மூச்சுக்குழலுக்குள் போவதுதான் வினை. அது மிகுதியாகக் குடியிருக்குமிடம் மெத்தையும் தலையணையும். எட்டு மணி நேரம் அதில் முகம் புதைத்துத் தூங்கிவிட்டு, மத்தியானம் சாப்பிட்ட தயிரைத் திட்டுகிறோம்!

வீடு திரும்பியதும் நான் பெரிய வீராங்கனைபோல் தலையணைகளை மொட்டை மாடியில் வெயிலில் போட்டேன். ஒரு மாதம் ஆகியும் ஒரு பயனும் இல்லை. ஆச்சி என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. பிறகுதான் புரிந்தது. கடும் வெயிலில் உண்ணி செத்துப்போகும்; ஆனால் எச்சம் பஞ்சுக்குள்ளேயே கிடக்கும். ஒரு வேலையை மட்டும் செய்தால் பலன் தெரியாது, பலவற்றைச் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

எனவே பழைய தலையணையை எறிந்துவிட்டு, புதியதற்கு நெருக்கமாக நெய்த துணியில் ஜிப் வைத்த உறை தைத்தோம். மெத்தைக்கும் அப்படியே. விரிப்பையும் மேலுறையையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசுகிறோம். 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு இருந்தால்தான் உண்ணி சாகும். வீட்டில் வெப்பமானி ஏது? கொதிக்கும் நீரும் பச்சைத் தண்ணீரும் சரிபாதி கலந்தால் ஏறத்தாழ 60 டிகிரி வரும் என்று கணக்குப் போட்டேன். இயற்பியல் பாடம் எனக்கு உதவிய முதல் சந்தர்ப்பம் அதுதான். அந்த நீரில் கையை விட்டுவிடாதீர்கள், கம்பால் கிளறுங்கள்.

அடுத்தது வாரியல். அதுதான் எனக்கும் ஆச்சிக்கும் பெரிய சண்டை. அந்தி சாயும் முன் வீட்டைக் கூட்டிவிட வேண்டும் என்பது ஆச்சியின் சட்டம். சரியாக அந்த வேளையில்தான் தம்பி கூடத்தில் படிக்க உட்காருவான். காய்ந்த தரையைக் கூட்டும்போது எழும்புகிற தூசி அடங்க அரை மணி நேரமாவது வேண்டும். கூட்டுவதைக் காலையில் அவன் பள்ளிக்குப் போன பிறகு வைத்துக்கொண்டு, மாலையில் ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்றேன். "வீடு கூட்டாமல் இருட்ட விடுவதா!" என்றார்கள். கூட்டுகிறவள் நான் ஆகையால் கடைசியில் நான்தான் வென்றேன். ஆண்பிள்ளைகளிடம் வாரியலைக் கொடுத்திருந்தால் இந்தத் தூசி எவ்வளவு என்று அப்பா எப்போதோ கண்டுபிடித்திருப்பார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் வாங்கலாமா என்று அப்பா கேட்டார்கள். பல ஆயிரம் ரூபாய்! உண்ணியின் எச்சம் கனமானது. காற்றில் நெடுநேரம் மிதக்காமல் கீழே படிந்துவிடும். பூனை முடியோடு வருகிற ஒவ்வாமைப் பொருளும் புகையும்தான் மணிக்கணக்கில் மிதக்கும். எங்கள் வீட்டில் பூனை இல்லை. புகைக்கு வழி, கொசுவர்த்தியை நிறுத்திக் கொசுவலை கட்டுவது. சாம்பிராணியும் கொசுவர்த்தியும் உண்ணியைப் போன்றவை அல்ல என்றாலும், ஏற்கெனவே புண்ணான மூச்சுக்குழலை அவை எரிச்சலூட்டும்.

தம்பியின் இளைப்பு முழுவதும் நின்றுவிட்டதா? இல்லை. மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை இன்னும் விடவில்லை. அவர் சொல்லாமல் விடவும் கூடாது. ஆனால் மாதத்தில் ஐந்தாறு முறை எழுந்தவன் இப்போது ஒருமுறையோ இருமுறையோதான் எழுகிறான். டிபன் பாக்ஸில் தயிர்சாதம் கொண்டுபோகிறான். அம்மாவை யாரும் விசாரிப்பதில்லை.

ஆச்சியின் தலையணை மட்டும் மாறவில்லை. கலியாணத்துக்குக் கொண்டுவந்த இலவம்பஞ்சாம். மத்தியானத் தூக்கத்துக்குத் தம்பி அதைத்தான் தேடிப் போகிறான். மேலுறையை வெந்நீரில் போடச் சம்மதித்துவிட்டார்கள். உள்ளே இருக்கும் பஞ்சைத் தொட இன்னும் விடவில்லை.